டூம் கேம் உள்ளே எப்படி ஓடுகிறது: கிளிநொச்சி வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஐ.சி.ரி. படிப்பிக்கிறேன். நிரலாக்கம் வரும்போது 1993 இல் வெளிவந்த டூம் என்ற கேமை அடிக்கடி உதாரணத்துக்கு இழுப்பேன். அதனால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள், சில நேரம் தாய் தகப்பனும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. கேட்டவற்றைக் கேட்ட மாதிரியே போட்டு, பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

டூம் என்றால் என்ன கேம் சேர்?

விளையாடுபவரின் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்தபடி துவக்கோடு ஓடித் திரிகிற கேம். திரையின் அடியில் துவக்குப் பிடித்த கை மட்டும் தெரியும். செவ்வாயின் துணைக்கோளான போபோஸில் இருக்கும் ஒரு தளத்துக்குள் நரகத்திலிருந்து பேய்கள் புகுந்துவிடுகின்றன. உயிர் தப்பிய ஒரே சிப்பாய் நீங்கள். கதை அவ்வளவுதான். கதைக்காக இதை யாரும் விளையாடியதில்லை.

செய்தவர்கள் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் இருந்த ஐ.டி. சொஃப்ட்வெயர் என்ற சின்னக் கம்பனி. உள்ளே ஓடும் எஞ்சினை, அதாவது படத்தை வரைந்து கேமை நடத்தும் அடிப்படை நிரலை எழுதியவர் ஜோன் கார்மாக். முதல் பாகத்தின் கட்டங்களில் (லெவல்களில்) பெரும்பாலானவற்றை அமைத்தவர் ஜோன் றொமேரோ. படங்கள் ஏட்ரியன் கார்மாக்கும் கெவின் கிளவுட்டும். (இரண்டு கார்மாக்குகளும் சொந்தக்காரர் இல்லை, இதையும் ஒவ்வொரு வருசமும் யாராவது கேட்பார்கள்.) இசை பொபி பிரின்ஸ். 1993 டிசம்பர் 10 அன்று விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சேர்வர் ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். முதல் பாகம் இலவசம், யாரும் யாருக்கும் கொப்பி எடுத்துக் கொடுக்கலாம். மிச்சம் இரண்டு பாகமும் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும்.

அந்த நேரம் இங்கே யாராவது விளையாடியிருப்பார்களா?

வாய்ப்பே இல்லை. அப்போது வன்னியில் கரண்ட் கிடையாது. பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வரவிடமாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகுதான் கொப்பி அடித்த சீடிகளில் இப்படியான கேம்கள் மெல்ல மெல்ல வந்தன. அதற்குள் வெளியுலகம் டூமை விட்டு அடுத்தடுத்த கேம்களுக்குப் போய்விட்டது. ஆனால் எங்களுக்குக் கிடைத்த கணினிகளும் மற்றவர்கள் கழித்துவிட்டவைதானே. அதில் திணறாமல் ஓடிய கேம்களில் இதுவும் ஒன்று.

இதுதான் உலகத்தின் முதல் முப்பரிமாண கேமா?

இல்லை. இதே கம்பனி 1992 மேயில் வொல்ஃபென்ஸ்டைன் என்ற கேமை விட்டது. சதுரக்கோட்டுக் கொப்பியில் பெட்டிகளை நிரப்பியது போலத்தான் அதன் வரைபடம்: 64க்கு 64 பெட்டி, எல்லாச் சுவரும் ஒரே உயரம், எல்லா மூலையும் 90 பாகை, நிலத்திலும் கூரையிலும் வெறும் நிறம். அதே வருசம் வந்த அல்டிமா அண்டர்வேர்ல்டில் சாய்ந்த தரையும் இருந்தது, மேலே கீழே பார்க்கவும் முடிந்தது. ஆனால் படம் திரையின் ஒரு சின்னச் சதுரத்துக்குள்தான், வேகமும் மட்டு.

டூமில் சுவர் எந்தக் கோணத்திலும் போகும், தரையும் கூரையும் ஏறி இறங்கும், ஒவ்வொரு அறைக்கும் வேறு வெளிச்சம், படிக்கட்டு, லிஃப்ட், நிலத்திலும் கூரையிலும் படம். இவ்வளவும் ஒரு சாதாரண வீட்டுக் கணினியில், ஓட ஓட. "முதல்" என்ற பட்டத்தை விட இந்த வேகம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்போ டூம் உண்மையான முப்பரிமாணமா, பொய்யா?

வகுப்பில் சண்டை வரும் கேள்வி. வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அது மேலிருந்து பார்க்கும் ஒரு தட்டைப் படம். புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், கோடுகள் வளைக்கும் பரப்புகள். ஒவ்வொரு பரப்புக்கும் இரண்டு எண்: தரை எந்த உயரத்தில், கூரை எந்த உயரத்தில். அதற்கு மேல் உயரத்தைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. ஆகவே ஒரு அறைக்கு மேலே இன்னொரு அறை வைக்க முடியாது. மாடிக் கட்டடம் கட்டலாம், ஆனால் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் ஒரே இடத்தில் ஆள் நடக்க முடியாது.

ஒரு மாணவன் கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியை வரைபடமாகச் செய்யப் புறப்பட்டான். போரில் விழுத்தப்பட்டு ஏ9 ஓரம் வருசக் கணக்காகச் சாய்ந்து கிடந்ததே, அதுதான். செய்ய முடியாது. டூமில் தரை எல்லாம் மட்டம், சுவர் எல்லாம் செங்குத்து. சரிவு என்ற ஒன்றே இல்லை. "அப்ப நிமிர்ந்து நின்ற காலத்துத் தாங்கியைச் செய்வோம்" என்றான். அதைச் செய்யலாம், அதுவும் ஒரு குறுக்கு வழியில். தாங்கி நிற்கும் வட்டத்தைத் தனிப் பரப்பாக வரைந்து அதன் கூரையை மட்டும் கீழே இறக்கிவிட வேண்டும். சுற்றியுள்ள பரப்பின் கூரை வானம் என்று குறித்திருந்தால், இறங்கிய கூரையின் விளிம்பு தாங்கியின் பக்கச் சுவராகத் தெரியும். கீழே ஆள் நடக்கலாம், வெளியே நின்று பார்ப்பவருக்குத் தாங்கி அந்தரத்தில் நிற்கும். தாங்கியின் மேல் ஏறி நிற்க மட்டும் முடியாது, ஏனென்றால் மேல் என்று ஒரு இடமே அங்கு இல்லை.

பொய்யா என்று கேட்டால், ஓம், பொய்தான். எதைக் கணக்குப் பார்க்காமல் விடலாம் என்று தெரிந்தவர் சொன்ன பொய். டூமின் மற்ற எல்லாப் புதுமையும் இதற்குள்தான் இருக்கிறது.

386 கணினியில் இதை எப்படி ஓடவைத்தார்கள்?

386 என்பது அந்தக் காலத்து இன்டெல் புரொசெசர், 486 அதற்கு அடுத்தது. முதலில் கையில் எவ்வளவு இருந்தது என்று பார்ப்போம். திரை 320க்கு 200 பிக்சல், 256 நிறம். அடியில் உயிர், குண்டு காட்டும் பட்டைக்கு 32 வரி போக மிஞ்சுவது 320க்கு 168, அதாவது 53,760 பிக்சல். கேமின் கடிகாரம் நொடிக்கு 35 தரம் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம் என்றால் நொடிக்கு 18 இலட்சத்துக்கும் மேல் பிக்சல். 33 மெகாஹேர்ட்ஸ் 386 இல் இதைப் பிரித்தால் ஒரு பிக்சலுக்குப் புரொசெசர் கடிகாரத்தின் 17 சுற்று அளவில்தான் வரும். ஒரு பெருக்கலுக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடலாம், வகுத்தல் அதையும் தாண்டும். கிராபிக்ஸ் காட் உதவிக்கு வராது, அந்தக் காலத்தில் அது வெறும் நினைவகம். எல்லாவற்றையும் புரொசெசரே பார்க்க வேண்டும்.

கார்மாக் பிடித்துக்கொண்டது இதை: விளையாடுபவரைத் தலையை நிமிர்த்தவோ குனியவோ விடாவிட்டால், எந்தச் சுவரிலும் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு நெடுங்கோட்டின் எல்லாப் புள்ளியும் கண்ணிலிருந்து ஒரே ஆழத்தில் இருக்கும். ஆக நெடுங்கோட்டுக்கு ஒரு தரம் தூரத்தைக் கணித்தால் போதும்.

எண்ணோடு பார்ப்போம். சுவரின் உயரம் 128 அலகு, நீங்கள் 256 அலகு தள்ளி நிற்கிறீர்கள். பார்வை 90 பாகை, திரையின் பாதி அகலம் 160. ஆகவே திரையில் அந்தச் சுவரின் உயரம் 128 ஐ 160 ஆல் பெருக்கி 256 ஆல் வகுத்தால் வருவது, 80 பிக்சல். சுவர்ப் படத்தின் 128 புள்ளிகளை 80 பிக்சலுக்குள் அடக்க வேண்டும், எனவே ஒவ்வொரு பிக்சலுக்கும் படத்தில் 1.6 புள்ளி கீழே இறங்க வேண்டும். வகுத்தல் இத்தோடு முடிந்தது. பிறகு 80 தரம் செய்வது இவ்வளவுதான்: படத்திலிருந்து நிறத்தை எடு, திரையில் வை, 1.6 ஐக் கூட்டு. சுவர்ப் படங்களைக் கோப்பிலும் நெடுங்கோடு நெடுங்கோடாகவே அடுக்கி வைத்திருக்கிறார்கள், நினைவகத்தில் அங்குமிங்கும் பாயாமல் இருக்க.

நிலத்துக்கு இதே தந்திரம் படுக்கையாக. மட்டமான தரையில், திரையின் ஒரு கிடைவரியில் தெரியும் எல்லாப் புள்ளியும் ஒரே ஆழம். ஆகவே நிலத்தையும் கூரையையும் கிடைக்கோடுகளாக வரைகிறது. சுவர் நெடுக்காக, நிலம் கிடையாக. சரிவான தரைக்கு ஏன் இடம் கொடுக்கவில்லை, ஏன் மேலே பார்க்க முடியவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிட்டது: இரண்டில் ஒன்றுக்கு இடம் கொடுத்திருந்தாலும் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மேலே பார்க்க முடியாதென்றால் உயரத்தில் நிற்கும் பேயை எப்படிச் சுடுவது? நீங்கள் திசையைச் சரியாகப் பிடித்தால் உயரத்தைக் கேம் தானே பார்த்துக்கொள்ளும்.

திரும்பத் திரும்ப ஓடும் இந்த உட்சுற்றுகளைப் புரொசெசரின் சொந்தக் கட்டளைகளுக்கு நெருங்கிய அசெம்பிளி மொழியில் எழுதினார்கள், மற்ற எல்லாம் சி மொழி. இவ்வளவு செய்தும் 386 இல் முழுத் திரையில் தட்டுத் தடுமாறித்தான் ஓடும். அதனால்தான் படச் சட்டத்தைச் சுருக்கும் வசதியை வைத்தார்கள். சுகமாக விளையாட 486 தேவைப்பட்டது.

பி.எஸ்.பி. மரம் என்கிறீர்களே, அது விளங்கவில்லை.

எந்தச் சுவர் எந்தச் சுவரை மறைக்கிறது என்று ஒவ்வொரு படத்துக்கும் கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான சுவர்களை நொடிக்கு 35 தரம் தூரப்படி அடுக்குவது கட்டுப்படியாகாது.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு வயற்காணியை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு நீள வரம்பு காணியை இரண்டாகப் பிரிக்கிறது. நீங்கள் வரம்பின் கிழக்கே நின்றால், மேற்கே இருக்கும் எதுவும் கிழக்கே இருக்கும் எதையும் உங்கள் கண்ணுக்கு மறைக்க முடியாது. அது எப்போதும் பின்னால்தான். இப்போது கிழக்குப் பாதியை இன்னொரு வரம்பால் பிரியுங்கள், மேற்குப் பாதியையும் பிரியுங்கள். உள்மடிப்பே இல்லாத துண்டுகள் வரும்வரை பிரித்துக்கொண்டே போங்கள். எந்த வரம்பு எதைப் பிரித்தது என்ற வரிசையை எழுதி வைத்தால் அதுதான் மரம். பி.எஸ்.பி. என்பது இப்படி இடத்தை இரண்டிரண்டாகப் பிரிப்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

விளையாடும்போது ஒவ்வொரு வரம்பிலும் ஒரே ஒரு கேள்வி: நான் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? நிற்கும் பக்கத்தை முதலில் வரை, பிறகு மற்றப் பக்கம். இப்படி இறங்கினால் சுவர்கள் கிட்ட இருப்பதிலிருந்து எட்ட இருப்பது வரை தானாகவே ஒழுங்காக வரும். தனியாக அடுக்கும் வேலையே இல்லை. திரையின் எந்த நெடுங்கோடுகள் சுவரால் அடைபட்டன என்று குறித்துக்கொண்டே போகும். 320உம் அடைபட்டதும் மரத்தில் மிச்சத்தைப் பார்க்காமலே நிறுத்திவிடும்.

கார்மாக் இதைத் தானாகக் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. ஹென்றி ஃபுக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நெய்லர் என்ற மூவர் 1980 இலேயே இந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆய்வுக் கட்டுரையில் கிடந்ததை எடுத்து வேகமான கேமுக்குள் வைத்ததுதான் கார்மாக்கின் கெட்டித்தனம், அது சின்ன விசயமும் இல்லை.

மரத்தைக் கட்ட நேரம் எடுக்கும். ஆகவே வரைபடம் செய்யும்போதே கட்டிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். அதற்கு ஒரு விலை உண்டு: ஓடும் கேமில் சுவர் பக்கவாட்டில் நகர முடியாது, நகர்ந்தால் மரம் பிழைத்துவிடும். டூமில் கதவுகள் ஏன் எல்லாம் ஷட்டர் மாதிரி மேல்நோக்கித் திறக்கின்றன என்று கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில். கதவு என்பது கூரை உயரம் மாறும் ஒரு பரப்பு, உயரத்தை மாற்றினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

தசம எண்களை எப்படிக் கையாண்டார்கள்? 386 இல் மிதவைப் புள்ளி மெதுவாமே?

மெதுவென்று சொல்வதே மரியாதைக்குத்தான். 386க்கு அந்த வேலைக்கு வேறொரு சிப் வாங்கிப் பூட்ட வேண்டும், பெரும்பாலானவர்களிடம் அது இல்லை. ஆகவே டூம் முழு எண்களாலேயே எல்லாவற்றையும் செய்கிறது. 32 பிட்டில் மேல் 16 முழுப் பகுதி, கீழ் 16 பின்னப் பகுதி. அதாவது எந்த எண்ணையும் 65,536 ஆல் பெருக்கி வைத்திருக்கும். 1.5 என்பது 98,304. 2.25 என்பது 1,47,456.

கூட்டல் கழித்தல் சாதாரணம் போலவே. பெருக்கலில்தான் கவனம் வேண்டும்: அந்த இரண்டையும் பெருக்கினால் 1,449 கோடிக்கு மேல் வருகிறது, 32 பிட்டில் அது அடங்காது. 64 பிட்டில் பெருக்கி, 16 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் 2,21,184. அதை 65,536 ஆல் வகுத்துப் பாருங்கள், 3.375 வரும். இரும எண் பாடத்தில் "இதெல்லாம் எதுக்கு சேர்" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் கொடுப்பது.

கோணத்திலும் ஒரு அழகு இருக்கிறது. முழு வட்டத்தையும் 32 பிட் எண்ணின் முழு வீச்சுக்குப் பரப்பிவிட்டார்கள். ஆகவே 360 பாகையைத் தாண்டினால் எண் நிரம்பி வழிந்து தானாகவே 0க்கு வந்துவிடும், சோதிக்கத் தேவையில்லை. சைன் பெறுமானங்கள் முன்கூட்டியே கணித்து அட்டவணையில் கிடக்கின்றன.

இருட்டு எப்படிச் செய்தது? 256 நிறம்தானே?

256 நிறத்துக்கும் "இதை ஒரு படி மங்கலாக்கினால் எந்த நிறத்துக்குக் கிட்ட வரும்" என்று 32 படிக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அறையின் வெளிச்சத்தையும் தூரத்தையும் பார்த்து அட்டவணையைத் தெரிவு செய்வது, நிறத்தை அதில் பார்த்து வைப்பது. ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு தேடல்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு குட்டிக் களவு: கிழக்கு மேற்காக ஓடும் சுவர் ஒரு படி இருட்டாகவும், வடக்கு தெற்காக ஓடும் சுவர் ஒரு படி வெளிச்சமாகவும் வரையப்படும். எந்த விளக்கும் இல்லை, எந்தக் கணக்கும் இல்லை. ஆனால் மூலைகள் பளிச்சென்று தெரியும்.

பேய்களுக்கு நான் வருவது எப்படித் தெரிகிறது?

கண்ணாலும் காதாலும். நீங்கள் சுட்டால் சத்தம் உங்கள் பரப்பிலிருந்து திறந்திருக்கும் அடுத்த பரப்புகளுக்குப் பரவும். மூடிய கதவு தடுக்கும். நேரம் போனாலும் பரவிய இடத்தில் நிற்பவற்றுக்கு நீங்கள் இலக்கு என்பது பதிந்துவிடும். ஒரு பேய் விட்ட குண்டு இன்னொன்றில் பட்டால் அவை தங்களுக்குள் அடிபடத் தொடங்கும். கெட்டிக்கார விளையாட்டுக்காரர் நடுவில் புகுந்து இரண்டையும் மூட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார்.

நாலு பேர் சேர்ந்து விளையாடலாமாமே?

ஓம். வலையமைப்பில் ஒருவரையொருவர் வேட்டையாடும் விளையாட்டுக்கு டெத்மாட்ச் என்று பெயர் வைத்தவர் றொமேரோ. அது ஓடும் விதம் படிக்க வேண்டியது. பேய் எங்கே நிற்கிறது, குண்டு எங்கே போகிறது என்று எதுவுமே வயரில் போவதில்லை. ஒவ்வொரு கணினியும் முழுக் கேமையும் தானே ஓட்டுகிறது. அனுப்புவது "முன்னால் போனேன், இடது திரும்பினேன், சுட்டேன்" என்ற விசைகளை மட்டும். எல்லாக் கணினியும் ஒரே தொடக்கம், ஒரே உள்ளீடு, ஆகவே ஒரே முடிவு.

அப்படியென்றால் தற்செயல் எண்கள்? அங்கேதான் வேடிக்கை. டூமில் தற்செயல் இல்லை. 0, 8, 109, 220, 222 என்று தொடங்கும் 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியல், அதை வரிசையாக வாசித்துக்கொண்டு போகும். எல்லோரிடமும் அதே பட்டியல்.

இதே காரணத்தால் ஒரு ஆட்டத்தைப் பதிவு செய்ய நொடிக்கு 140 பைட் போதும்: 35 அடி, அடிக்கு 4 பைட். ஒரு நிமிடம் 8,400 பைட். பிறகு போட்டுப் பார்த்தால் கேம் அதே விசைகளை வைத்து முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடிக் காட்டும்.

முதல் வெளியீட்டில் ஒரு கோளாறு இருந்தது. பக்கெற்றுகளை, அதாவது வலையமைப்பில் அனுப்பும் தரவுத் துண்டுகளை, விளையாடாத கணினிகளுக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஒலிபரப்பியது. பல்கலைக்கழகங்களிலும் கம்பனிகளிலும் வலையமைப்பு திணறி, டூமுக்குத் தடை போட்டார்கள். பிந்திய பதிப்பில் திருத்தினார்கள்.

நாங்களே கட்டம் செய்யலாமா?

செய்யலாம். படம், ஒலி, வரைபடம் எல்லாம் வாட் என்ற ஒரு கோப்புக்குள், எஞ்சின் வேறாக. உங்கள் சின்ன வாட் கோப்பை மேலே போட்டால் மூலக் கோப்பைத் தொடாமலே கேம் மாறும். 1994 தொடக்கத்திலேயே இரசிகர்கள் எடிட்டர் எழுதி வெளிவிட்டார்கள். ஐ.டி. ஆக்கள் அதைத் தடுக்காமல் இடம் கொடுத்தார்கள், அதுதான் இந்தக் கேமை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. பழைய எஞ்சினில் ஓடவைக்க நினைத்தால் ஒரே பார்வையில் தரை, கூரைத் துண்டுகள் 128ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கேம் பிழைச்செய்தி போட்டு நின்றுவிடும்.

நாங்கள் போனில் விளையாடும் ஃப்ரீ ஃபயருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடி இரத்த உறவு இல்லை. ஃப்ரீ ஃபயர் யூனிட்டி எஞ்சினில் செய்தது. ஆனால் வழி இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதே கம்பனி 1996 ஜூனில் குவேக் என்ற கேமை விட்டது. அதில் எல்லாமே உண்மையான முப்பரிமாணம், பேய்கள்கூட. 486க்கு அடுத்து வந்த பென்டியம் புரொசெசரின் மிதவைப் புள்ளி வேகத்தை நம்பி எழுதினார்கள்; மைக்கல் ஏப்ராஷ் என்ற நிரலாளர் கார்மாக்கோடு சேர்ந்து உழைத்தார். அதே வருச டிசம்பரில், இணையத்தில் விளையாடுவதற்கென்று வந்த குவேக்கின் பதிப்பான குவேக்வேர்ல்டில், சேர்வரின் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் அசைவை உங்கள் கணினியே முன்கூட்டி ஊகித்துக் காட்டிவிடும், பதில் வந்ததும் திருத்திக்கொள்ளும். டயல் அப் தொடர்பில் விளையாடிய ஆக்களுக்காகச் செய்தது. சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலிருந்து நீங்கள் ஓடும்போது ஆள் ஓடிவிட்டுத் திடீரென்று பழைய இடத்துக்கு இழுபட்டுப் போகிறதே, ஊகம் பிழைத்துத் திருத்தும் கணம் அது.

வீட்டில் துவக்குக் கேம் வேண்டாம் என்கிறார்கள். இங்கே இதைப் படிப்பிக்கத்தான் வேண்டுமா?

ஒரு தாய் நேரே கேட்ட கேள்வி. அவவின் கோபம் நியாயமானது. 2009 வரை நடந்ததை உடம்போடு சுமக்கிற ஆக்கள் இருக்கும் வீட்டில், பக்கத்து அறையிலிருந்து வெடிச்சத்தம் வந்தால் அது கேம் என்று காதுக்குத் தெரியாது. "பேயைத்தானே சுடுகிறோம்" என்பது அங்கே பதில் ஆகாது.

வகுப்பில் நான் வைத்திருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். ஸ்பீக்கர் இல்லை, ஹெட்போன் மட்டும். பெரும்பாலும் சத்தமே இல்லை. அமெரிக்காவில் இதற்கு 17 வயதுக்கு மேல் என்று தரம் போட்டிருக்கிறார்கள், ஆகவே கீழ் வகுப்புகளுக்குக் காட்டுவதில்லை. பார்க்க விரும்பாத பிள்ளையிடம் காரணம் கேட்பதில்லை. அவர்களுக்கு செக்ஸ் குவெஸ்ட் இருக்கிறது: 1996 இல் ஒரு காலை உணவுக் கம்பனி தன் தானியப் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்த கேம், உள்ளே ஓடுவது அப்படியே டூம் எஞ்சின், ஆனால் இரத்தம் இல்லை. எதிரிகளைக் கொல்லாமல் அவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பி வைப்பீர்கள். பாடத்துக்கு இரண்டும் ஒன்றுதான். துவக்கே வேண்டாமென்றால் வெறும் வரைபடத்தில் ஆளில்லாமல் நடந்து பார்க்கலாம், மேலே சொன்ன தாங்கியை அப்படித்தான் பார்த்தோம்.

எங்கள் வீட்டுப் பழைய கணினியில் ஓடுமா? எவ்வளவு டேட்டா போகும்?

4 மெகாபைட் றாமில் ஓடியது, உங்கள் கணினியில் ஓடாமல் எங்கே போகும்? இலவசமான முதல் பாகத்தின் வாட் கோப்பு சுமார் 4 மெகாபைட். அதை ஓட்ட சொக்லட் டூம் என்ற இலவச மென்பொருள் போதும். பழைய டூம் நடந்துகொண்ட மாதிரியே, அதன் எல்லைகளோடு சேர்த்து நடந்துகொள்ளும், அதனால் படிக்க நல்லது. முழுவதும் இலவசமான படங்களும் கட்டங்களும் வேண்டுமென்றால் ஃப்ரீடூம் எடுங்கள், ஆனால் அது பழைய எல்லைகளுக்குள் அடங்காது, சொக்லட் டூம் போன்ற இன்னொரு மென்பொருளான கிரிஸ்பி டூமில் போடுங்கள். அதே வகையில் ஜீசீடூம் அழகானது, பழைய கிராபிக்ஸ் உள்ள கணினியில் மட்டும் முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டு கணினியை ஒரு லேன் கேபிளால் நேரே இணைத்தும் விளையாடலாம், இன்டர்நெட் தேவையில்லை. இணையவில்லை என்றால் முதலில் ஃபயர்வோலைப் பாருங்கள்.

மூல நிரலை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

1997 டிசம்பரில் நிரலை வெளியிட்டார்கள், 1999 இல் யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்துக்கு மாற்றினார்கள். வந்தது லினக்ஸ் பதிப்பு, ஏனென்றால் கேம் முதலில் ஓடிய பழைய டொஸ் இயங்குதளத்துப் பதிப்பின் ஒலிப் பகுதி வேறொருவருக்குச் சொந்தம்.

பெரிய கோப்புகளில் தலையைக் கொடுக்காதீர்கள். முதலில் எம்_ஃபிக்ஸ்ட், மேலே போட்ட பெருக்கல் அங்கே இருக்கிறது, ஒரு பக்கம்கூட இல்லை. பிறகு எம்_ரண்டம். பிறகு ஆர்_டிரோவில் நெடுங்கோடு வரையும் சார்பு. ஆர்_பிஎஸ்பியைக் கடைசியாகத் திறங்கள்.

எம்_ரண்டமில் ஒரு பயிற்சி. அந்த 256 எண்களையும் 0 ஆக்கிவிட்டுத் தொகுத்து (கம்பைல் செய்து) விளையாடிப் பாருங்கள். கைத்துப்பாக்கி ஒவ்வொரு வெடிக்கும் சரியாக 5 புள்ளிதான் எடுக்கும், 20 உயிர் உள்ள சாதாரணச் சிப்பாய்ப் பேய்க்கு நாலு வெடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஷொட்கன்னின் 7 சன்னமும் சிதறாமல் ஒரே புள்ளியில் போய் அடிக்கும். படுகிற ஒவ்வொரு வெடிக்கும் பேய் துடிக்கும். மூன்றுக்கும் காரணம் நிரலில் மூன்று வெவ்வேறு வரிகளில் இருக்கிறது. வரி எண்ணோடு எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த வகுப்பில் பார்ப்போம்.